அப்பா புகைத்துத் தீர்த்த அத்தியாயம்

வாலேனி,
14 அக்டோபர் 1998, புனித பரஸ்கேவா திருநாள்

அந்தக் குதிரைத் திருடன் மேல எனக்குத் துளிகூட நம்பிக்கை இல்லைடி மிரூனா, உங்கம்மா என்ன வேணா சொல்லட்டும். மீசையைப் பாத்தாலே தெரியுது ஆளு எப்படின்னு. புத்தகத்துல மீசையை எங்க பாத்தேன்னு கேக்காதே. மூணு பக்கத்துக்கு மீசையைத்தான் எழுதி வச்சிருக்கான்.

இரு, நலம் விசாரிக்காமலே ஆரம்பிச்சுட்டேன். ஆண்டவர் புண்ணியத்துல நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே சேதி சொல்லிருது. நீ சுகமா? நீ வேலைக்கு இருந்து பாத்துக்கிற கிழவி, எர்மீனியா அம்மா, சுகமா? இன்னும் உன்னைத் தன் செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்களா? கூப்பிட்டுட்டுப் போகட்டும், வயசான உசுரு, பதில் குடு.

உங்கம்மாவுக்கு வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும்தான் இப்போ தெரியுது. சர்க்கரை வியாதி கண்ணை முழுசாத் தின்னுருச்சு. அதுக்காக என் அக்கா சாஃப்தா அடங்கி உக்காருவாளா? "உனக்கும்தான் பள்ளிக்கூடத்துல எழுத்து சொல்லிக் குடுத்தாங்களே, எடுத்துப் படி"ன்னு அந்தப் பழைய புத்தகத்தைத் தூக்கி என் மடியில போட்டுட்டா. அலமாரியில அட்டை கிழிஞ்சு கிடக்குமே, நீ சின்னப் புள்ளையில அதும்மேல ஏறி நின்னு ஜாம் பாட்டில் எடுப்பியே, அதேதான். கதை என்னன்னா, தண்ணி ஆலைக்காரர் பொண்ணு ஸ்தாங்காவை ஒரு குதிரைத் திருடன் ஆத்துக்கு அந்தாண்ட கூட்டிட்டுப் போகப் பாக்குறான். வீட்டுல அவ அம்மா படுத்த படுக்கை. போவாளா, இருப்பாளா? அதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இல்லை. கடைசி அத்தியாயத்தை உங்கப்பா பீடி சுத்திக் குடிச்சுட்டாரு! அவர் ஆத்மா இளைப்பாறட்டும், ஆனா மனுஷன் தொடக்கத்துலேர்ந்து கிழிச்சிருக்கக் கூடாதா?

சாயங்கால ஜெபம் முடிஞ்சதும் விரலை வச்சு மெதுவா வாசிக்கிறேன். ரெண்டு வரிக்கு ஒரு சண்டை.

"பெத்தவளை இப்படிப் போட்டுட்டு ஓடுறவ ஒரு பொண்ணா?"ன்னேன்.

"ஓடலைன்னா அவ கழுதை. படிடி"ங்கறா.

இப்போ உன்னை ஒண்ணு கேக்கச் சொன்னா. உடம்பு எப்படின்னு கேட்டா ஊருல எல்லாரும் பொய்தான் எழுதுவாங்களாம். என்ன படிக்கிறே, ஏன் படிக்கிறேன்னு கேட்டா உண்மை தன்னால வந்துருமாம். அதனால இனிமே ஒவ்வொரு கடுதாசியிலயும் அதை எழுதணும். எனக்கும் சேத்துத்தான் சட்டம்.

இத்தாலி வேன்காரன் பெத்ரிகா ஹாரன் அடிக்கிறான். பாலாடைக்கட்டி ஒண்ணு, பிளம் ஜாம் ஒண்ணு குடுத்திருக்கேன். வழியில தின்னான்னா சொல்லு.

மாதா உன் தலைமாட்டுல இருப்பா.
சித்தி அக்லாயா

*

ஃபெராரா,
2 நவம்பர் 1998

அன்புள்ள சித்தி,

நீயும் அம்மாவும் சுகமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். நான் சுகம். ஜாம் வந்துச்சு. பாலாடைக்கட்டி பாதிதான் வந்துச்சு. கேட்டா, "பார்டர்ல நாய் தின்னுருச்சு"ன்றார் பெத்ரிகா அண்ணன். எந்த நாயின்னு எனக்குத் தெரியும்.

என்ன படிக்கிறேன்னு கேட்டா நம்பமாட்டீங்க. வியாழக்கிழமை மத்தியானம் எங்களுக்கு லீவு. நம்ம ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ரயிலடிப் பூங்காவுல கூடுவோம். ஊரிலேர்ந்து வந்த புத்தகங்களை ஒரு துணிப்பையில போட்டு கை மாத்திக்குவோம். போன வாரம் கையை விட்டேன், பச்சை அட்டையில ஒரு தடிப் புத்தகம். முதல் வரியைப் படிச்சேன். ஆலை, ஆறு, மீசை! சித்தி, அதே புத்தகம். முழுசா இருக்கு, கடைசி அத்தியாயத்தோட.

எர்மீனியா அம்மா தூங்குறப்போ படிக்கிறேன். ஏன்னா, அதே பக்கத்துல அம்மாவும் இருப்பாங்கன்னு தோணுது. ஆனா கடைசி அத்தியாயத்தைத் தொடமாட்டேன். பின்னு குத்தி மூடி வச்சிருக்கேன். இங்க தங்கி வேலை பாக்குறதுக்கான பேப்பருக்கு மனு குடுத்தாச்சு, வசந்தத்துக்குள்ள வந்துரும்னு கிழவியோட மகன் சொல்றாரு. அது வராம நான் இத்தாலியை விட்டா திரும்ப உள்ளே விடமாட்டாங்க. வந்ததும் ஈஸ்டருக்கு ஓடி வருவேன். அம்மா பக்கத்துல உக்காந்து நானே படிச்சுக் காட்டுவேன். நானும் அப்போதான் முதல் தடவையாக் கேப்பேன்.

ஒண்ணு கேக்கணும் சித்தி. நான் வேன் ஏறுன அன்னிக்கு அம்மா அழவே இல்லை. கட்டிக்கவும் இல்லை. "போ. கதவை நான் சாத்திக்கிறேன்"னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிட்டாங்க. ரெண்டு வருஷமா அது நெஞ்சுல கிடக்குது. கோபமா அவங்களுக்கு?

உங்கள் மிரூனா

*

வாலேனி,
24 நவம்பர் 1998

என் செல்லமே, ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். நாங்க இருக்கோம். பனி விழுந்துருச்சு, பன்றி கொழுத்துருச்சு, பாதிரியார் விசாரியோன் வீட்டைப் புனிதப்படுத்த வந்துட்டுப் போனாரு.

உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினதும் உங்கம்மா சிரிச்சா பாரு, இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சா. "பின்னு குத்தி வச்சிருக்காளாமா? என் பொண்ணுதான்!"ங்கறா. நான் சொன்னேன், "அக்கா, அந்த அத்தியாயத்தை வேன்ல அனுப்பச் சொல்லுவோம். முடிவு தெரியாம எனக்குத் தூக்கம் வரலை. அவ அம்மாகூடவே இருந்துருவா, அப்படித்தான் முடியும்." அதுக்கு, "உனக்கென்னடி தெரியும். அது அவ கையிலயே இருக்கட்டும்"னுட்டா. முப்பது வருஷமா முடிவு தெரியாத பொம்பளைக்கு அவசரமே இல்லை. எனக்குத்தான் அரிக்குது.

கோபமான்னு கேட்டேன். சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, "அவளைப் படிச்சு முடிக்கச் சொல்லு"ன்னா. உங்கம்மாவைத் தெரியாதா உனக்கு, கேட்டதுக்கு என்னிக்குப் பதில் சொல்லியிருக்கா?

கதையில ஒரு சாமியார் வர்றாரே, குதிரையை ஒளிச்சு வச்சுக்கிட்டு தெரியாதுன்னு சத்தியம் பண்ணுவாரே? விசாரியோன் சாமி உள்ளே நுழையுறப்போ சரியா அந்த இடம். "சாமி, உங்க தொழுவத்துல குதிரை ஏதும் இருக்கா?"ன்னு உங்கம்மா கேட்டுட்டா. எனக்கு உசுரே போச்சு. அவர் பாவம், "ரெண்டு ஆடுதான்மா இருக்கு"ன்னாரு.

உங்கம்மாவுக்குக் கால் ரெண்டும் வீங்கியிருக்கு. வினிகர்த் துணி சுத்துறேன். எழுதாதேன்னா, எழுதிட்டேன்.

நான் படிக்கிறது: அதேதான், பதினோராம் அத்தியாயம். ஏன்னா, உங்கம்மா விடமாட்டேங்கறா.

சித்தி அக்லாயா

*

ஃபெராரா,
13 டிசம்பர் 1998

சித்திக்கும் அம்மாவுக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து. ரெண்டு பேரும் சூடா இருங்க, விறகைச் சேத்து வைக்காதீங்க.

கால் வீக்கம்னு எழுதியிருந்தே. டவுன் டாக்டரைக் கூப்பிடு சித்தி. நான் வரட்டுமா? பேப்பர் போனாப் போகட்டும், வேன் ஏறிடறேன். அம்மாகிட்டக் கேட்டு உண்மையை எழுது.

கடைசி அத்தியாயத்தை அனுப்பமாட்டேன். சிரிக்காதே, நான் ஒரு கிறுக்குக் கணக்கு வச்சிருக்கேன். முடிவு தெரியுற வரைக்கும் அம்மா எங்கேயும் போகமாட்டாங்க. பின்னு அதுக்குத்தான்.

நான் படிக்கிறது: பதினாலாம் அத்தியாயம். வேணும்னே மெதுவாப் படிக்கிறேன்.

மிரூனா

*

வாலேனி,
4 ஜனவரி 1999

மிரூனா கண்ணு, புது வருஷம் உனக்கு நல்லபடியா விடியட்டும். உடம்பைப் பாத்துக்கோ, கழுத்துல துணி சுத்து.

வரட்டுமான்னு கேட்ட கேள்விக்குப் பதிலை உங்கம்மாவே சொல்றா, அப்படியே எழுதுறேன்: "வந்தேன்னா வாசல்ல நிக்க வச்சே திருப்பி அனுப்புவேன். நான் ஒண்ணும் ஸ்தாங்காவோட அம்மா இல்லை, படுத்துக்கிட்டுப் புலம்புறதுக்கு."

"படுத்துக்கிட்டுத்தானே இருக்கே"ன்னேன்.

"புலம்பலையே"ன்னா.

டாக்டர் வந்தாரு. ஊசி போட்டாரு. வாசல்ல வச்சு என்கிட்ட ஏதோ சொன்னாரு, டாக்டருங்க பேசுறது எனக்கு என்ன புரியும். கிறிஸ்மஸுக்கு முட்டைக்கோஸ் உருட்டு செஞ்சேன், ஒரு வாய் சாப்பிட்டா. உப்பு கம்மின்னா. அப்படின்னா நல்லாத்தானே இருக்கா?

பதினாறாம் அத்தியாயத்துல இருக்கோம். சீக்கிரமே அசந்துடறா, நாளைக்கு ஒரு பக்கம்தான் ஆகுது. நான் சும்மா இல்லாம, "அக்கா, நீ என்ன நினைக்கிறே, ஸ்தாங்கா போவாளா"ன்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு, "பனி உருகட்டும் பாப்போம்"ங்கறா. புத்தகத்துல பனியே இல்லைடி.

மாதா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா.
சித்தி

*

ஃபெராரா,
30 ஜனவரி 1999

சித்தி, சுகமா? அம்மா சுகமா? இந்த வாரம் வேன் வந்துச்சு, கடுதாசி இல்லை. பெத்ரிகா அண்ணன் முகத்தைப் பாக்காம பெட்டியை இறக்கி வச்சுட்டு, "சித்திக்கு வேலை ஜாஸ்தி"ன்னாரு. பாலாடைக்கட்டி முழுசா வந்துச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

தபாலாபீசுக்கு போன் பண்ணலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். அங்க வேலை பாக்குற லியானா குரல் கேட்டதும் வச்சுட்டேன்.

என்ன படிக்கிறீங்க ரெண்டு பேரும்? ஏன் படிக்கிறீங்க? அதை மட்டுமாவது எழுது.

மிரூனா

*

வாலேனி,
8 பிப்ரவரி 1999

அன்புள்ள மிரூனா,

ஆண்டவர் உனக்குத் துணையா இருக்கட்டும். நான் சுகம். உங்கம்மாவுக்கு இப்போ வலி ஒண்ணும் இல்லை. கால் வீக்கம் பத்தி இனிமே கவலைப்படாதே.

எழுதாததுக்கு மன்னிச்சுக்கோ. வீட்டுல ஆளுங்க வந்துக்கிட்டும் போயிக்கிட்டும் இருந்தாங்க. பன்றிக்கறி புகை போட்டது நல்லா வந்திருக்கு, உனக்கு ஒரு துண்டு அனுப்புறேன்.

என்ன படிக்கிறேன்னு கேட்டே. பைபிள்ல இருக்கிற சங்கீதப் புத்தகம் படிக்கிறேன். தினமும் காலையில விளக்கேத்தி வச்சு கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். ஏன்னா, தவக்காலம் ஆச்சே, அதான். குதிரைத் திருடன் அலமாரியில இருக்கான், இருக்கட்டும். உங்கம்மா சொல்றா, ஸ்தாங்கா வீட்டுல இருந்து பொறுமையா ஜெபம் பண்றதுதான் அவளுக்கு நல்லதுன்னு.

வேற விசேஷம் இல்லை. பேப்பர் வந்துச்சா? அது முக்கியம். வந்ததும் எழுது.

சித்தி அக்லாயா

*

ஃபெராரா,
20 பிப்ரவரி 1999

சித்தி,

நீ சுகமா? இந்தத் தடவை உன்னை மட்டும்தான் கேக்குறேன்.

நாளை மறுநாள் திங்கட்கிழமைதான் தவக்காலம் ஆரம்பிக்குது. நீ எழுதினது அதுக்கு ரெண்டு வாரம் முந்தி. பாலும் முட்டையும் எந்தக் கிழமை நிறுத்தணும்னு ஊருக்கே சொல்றவ நீ. நாள் தப்பா எழுதமாட்டே.

அப்பா செத்தப்போ நாப்பது நாளும் நீ சங்கீதம் வாசிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. இதே மாதிரிதான். காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், பக்கத்துல விளக்கு.

அப்புறம், பொறுமையா ஜெபம் பண்ணணும்னு அம்மா சொல்லமாட்டாங்க.

நான் எதையும் கேக்கலை சித்தி. நீ சொல்லவும் வேண்டாம். எர்மீனியா அம்மாவுக்கு இன்னிக்குக் கஞ்சி குடுக்கறப்போ அவங்க மடியில சிந்திட்டேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வழக்கம்போல தங்கச்சி பேரைச் சொல்லி, "அம்மா தோட்டத்துலதான் இருக்கா, வந்துருவா"ன்னாங்க.

மிரூனா

*

வாலேனி,
28 பிப்ரவரி 1999

பேப்பர் கைக்கு வந்துச்சா மிரூனா? அதை மட்டும் எழுது. வேற எதையும் என்கிட்டக் கேக்காதே, என் வாய் கட்டியிருக்கு.

சாப்பிடு.
சித்தி

*

ஃபெராரா,
16 மார்ச் 1999

வந்துருச்சு. நேத்து. என் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, கையில வச்சிருக்கேன்.

இப்போ சொல்லு சித்தி.

புத்தகத்தைப் பெத்ரிகா அண்ணன்கிட்டக் குடுத்திருக்கேன். பின்னைக் கழட்டலை. நான் வர்றதுக்கு ஈஸ்டர் ஆயிரும், புது ஆள் கிடைக்காம கிழவியை விட்டுட்டு வர முடியாது. அதுவரைக்கும் அம்மாவைக் காக்க வைக்க வேண்டாம். எங்க உக்காந்து படிக்கணுமோ அங்க உக்காந்து படிச்சுருங்க.

மிரூனா

*

வாலேனி,
28 மார்ச் 1999

என் தங்கமே, ஆண்டவர் உன்னைத் தாங்கிப் பிடிக்கட்டும். இப்போ சொல்றதுல பாவம் இல்லை.

ஜனவரி இருபத்தேழு. காலையில பால் கறந்துட்டு வந்து பத்தொன்பதாம் அத்தியாயத்தை எடுத்தேன். கடைசிக்கு முந்தின அத்தியாயம். பாதி பக்கம் படிச்சேன். "அக்லாயா, அடையாளம் வச்சுட்டு மூடு, மிச்சம் நாளைக்கு"ன்னா. கையில கிடைச்ச கம்பளி நூலை வச்சு மூடினேன். அடுப்புக்கு ஒரு கட்டை போட்டுட்டுத் திரும்பினா, முகம் சன்னல் பக்கம் இருந்துச்சு. வெளிச்சம் தெரியுற பக்கம். அவ்வளவுதான். நான் மெழுகுவத்தி ஏத்திக் கையில பிடிக்க வைக்கக்கூட நேரம் குடுக்கலை. எதுலயும் அவசரக்காரி.

கிறிஸ்மஸ் அன்னிக்கே மாதா படத்துல என் கையை வச்சு சத்தியம் வாங்கிட்டாடி. "பேப்பர் அவ கையில விழுற வரைக்கும் சொல்லக் கூடாது. சொன்னா ஓடி வருவா, பொணத்துக்காக வந்து பொழப்பை விட்டுருவா." நான் என்ன பண்ணுவேன்? பெத்ரிகாவுக்கும் வாயைக் கட்டினேன். பொய் எழுதக் கூடாதுன்னு பாத்துப் பாத்து எழுதினேன். தவக்காலம்னு எழுதினதும், ஸ்தாங்கா ஜெபம் பண்ணணும்னு அவ சொன்னதா எழுதினதும் பொய். ரெண்டையும் விசாரியோன் சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். அவர், "அந்தம்மா என்னைக் குதிரை எங்கேன்னு கேட்டாங்களே"ன்னு சொல்லி அழுதுட்டாரு.

நாப்பதாம் நாள் சாப்பாடு நல்லபடியா நடந்துச்சு. கோதுமைப் படையல் வச்சோம். அவ பேருல தட்டு, கிண்ணம், மெழுகுவத்தி, துண்டு எல்லாம் ஊருக்குக் குடுத்தேன். இங்க குடுத்தது அங்க அவளுக்குப் போய்ச் சேரணுமில்ல, கிண்ணம் இல்லாம அங்க எதுல குடிப்பா?

அப்புறம் உன் புத்தகம் வந்துச்சு. நேத்து சனிக்கிழமை, ஆத்துமாக்களுக்கான பூசை முடிஞ்சதும் கல்லறைக்குக் கொண்டு போனேன். லியானாவும் கூட வந்தா, அவளுக்கு முடிவு தெரியணுமாம். பெத்ரிகா தபாலாபீசுல இறக்கி வச்ச உன் கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சிருக்கான்னு அப்போதான் தெரிஞ்சுச்சு. திட்டலாம்னு பாத்தேன், கல்லறையில வேண்டாம்னு விட்டுட்டேன்.

நூல் வச்ச இடத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். அப்புறம் பின்னைக் கழட்டினேன். காத்து பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருந்துச்சு, லியானா விரலால அழுத்திப் பிடிச்சா. முடிவைச் சொல்றேன் கேளு, நீதான் படிக்கலையே. ஸ்தாங்கா போறதில்லைன்னு முடிவு பண்ணி அம்மா பக்கத்துல படுத்துக்கிறா. விடியுறப்போ வெளியே குதிரை கனைக்குது. எந்திரிச்சு நடக்கவே முடியாத அந்த அம்மா, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போய் வாசல் தாழ்ப்பாளைத் திறந்து விடுறா. அழலை, கட்டிக்கலை. "போ. கதவை நான் சாத்திக்கிறேன்"ங்கறா. அவ குதிரை ஏறுற சத்தம் கேக்குது. கதவைச் சாத்துறா. சாத்தின கதவுமேல நெத்தியை வச்சு நிக்கிறா. அதோட முடியுது.

எனக்கு வாசிப்பு நின்னு போச்சு. லியானா மூக்கைச் சிந்திக்கிட்டு, "மேல படியேன்"னா. மேல ஒண்ணும் இல்லைன்னேன்.

புத்தகத்தை அங்கயே லியானா கையில குடுத்துட்டேன், உங்கம்மா பேருல. "சாஃப்தா ஆத்மாவுக்காக"ன்னு சொல்லிக் குடுத்தேன், அவளும் "ஆண்டவர் ஏத்துக்கட்டும்"னு சொல்லி வாங்கிக்கிட்டா. உன்னைக் கேக்காம குடுத்துட்டேன்னு கோவிச்சுக்காதே. முப்பது வருஷம் முடிவு தெரியாம இருந்தவ, அங்கயாவது முழுப் புத்தகம் கையில இருக்கட்டும்னுதான். அங்க கண்ணும் தெரியுமில்ல. நம்ம வீட்டுல பழசுதான் இருக்கு, நூலும் அதே இடத்துல இருக்கு, எடுக்கலை.

ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் போட்டு வைக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கும், வந்துரு. வர்ற வழியில பெத்ரிகாவைப் பேசவிடாதே, ரோட்டைப் பாக்கமாட்டான்.

மாதா உன்னைச் சுகமா கொண்டுவந்து சேக்கட்டும்.
உன் சித்தி அக்லாயா

கவரை ஒட்டிட்டு, திரும்பவும் பிரிச்சு எழுதுறேன். நேத்து அங்க வாசிக்கிறப்போ ஒண்ணு ஆச்சு மிரூனா. அந்த அம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குற இடத்துலயே, அவ என்ன சொல்லப் போறான்னு வரி வர்றதுக்கு முந்தியே என் வாயில வந்துருச்சு. நீ உங்கம்மா சொன்னதை எழுதியிருந்தேல்ல, அதனாலன்னு நினைச்சேன். ஆனா நெத்தியைக் கதவுமேல வைக்கிறதும் எனக்கு முந்தியே தெரிஞ்சிருந்துச்சு, அதை நீ எழுதலை. ராத்திரி முழுக்க இது எங்கேர்ந்துடா வந்துச்சுன்னு யோசிச்சேன். இப்போதான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து கிடந்த வருஷம், நீ தொட்டில்ல இருந்தே. உங்கம்மா ஒரு காலால தொட்டிலை ஆட்டிக்கிட்டு, என் தலைமாட்டுல உக்காந்து எனக்கு ஒரு புத்தகம் வாசிச்சா. அரை மயக்கத்துல கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். இதே புத்தகம்தான். அப்போ அதுல கடைசி அத்தியாயம் இருந்துச்சு.